மூன்றாவது சிவப்பு

சங்கரன்கோவிலில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் 'அவசரம் கடை எங்கே?' என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கைகாட்டுவது தங்கசாமியின் கடையைத்தான். பெற்றவர்கள் வைத்த பேரை ரேஷன் கார்டுக்கு விட்டுவிட்டு, விசைத்தறிக் கூடத்து ஆட்கள் அவருக்கு வைத்த பேர் அது. தறி நின்றுவிட்டது என்று போன் வந்தால், பேசுகிறவர் இடத்தைச் சொல்லி முடிக்கும் முன்னே இங்கே ஸ்கூட்டர் கிளம்பியிருக்கும். பாதி வழியில் நிறுத்தி, எந்தத் தெரு என்று திரும்பக் கேட்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிடுவார். ஒருமுறை ரயில் நிற்பதற்குள் இறங்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். எழுந்து நின்று, வண்டியை இவ்வளவு மெதுவாக நிறுத்தியதற்காக டிரைவரைத் திட்டினார். ஊர் சிரித்தது, அவரும் சிரித்தார். அவசரம்தான் அவருக்குச் சோறு போட்டது. அதை ஒரு குறை என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

சதாம் ஒருத்தன்தான் சொன்னான்.

இப்போதுள்ள தங்கசாமியைப் பார்த்தால் மேலே சொன்னதெல்லாம் வேறு யாருடைய கதையோ என்று தோன்றும். வயது ஐம்பத்திரண்டுதான். ஆனால் சுவிட்சில் விரலை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறார். மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகுதான் ஃபேனைப் போடுகிறார். மனைவி கோமதித்தாய் முதலில் கேலி செய்தாள், பிறகு பயந்தாள், கடைசியில் கயிறு மந்திரித்து வாங்கிவந்து கட்டினாள். கயிறு கட்டிய கையும் மூன்று எண்ணியது. திருவேங்கடம் போகிற பஸ் திரும்புவதற்காக மஞ்சள் விளக்கைச் சிமிட்டினால் ரோட்டோரத்தில் நின்றுவிடுவார். ஒன்று, இரண்டு. அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு சின்ன இருட்டு வருகிறதே, அதற்குள்தான் அவர் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறார். மூன்றாவது எரிந்து, எரிந்தது அணைந்த பிறகுதான் அவருக்கு மூச்சு இறங்கும்.

சதாம் அவரோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவன். பூட்டுச்சாவிக் கடை மம்மதுவின் ஒரே மகன். எலக்ட்ரிக்கலில் டிப்ளமோ முடித்தவன். வயரைத் தொடுவதற்கு முன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான், பார்த்ததை நம்பாமல் மறுபடியும் பார்ப்பான். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு மனுஷன் என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். "கேள்விய முழுசாக் கேளுங்க அண்ணாச்சி. பதில் எங்கயும் ஓடிராது" என்பான் சதாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் தங்கசாமிக்குக் கோபம் வந்திருக்கும். இவன் சொன்னால் வராது. பிள்ளையில்லாத மனுஷன் அவர். அந்தப் பையனை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

தறிக்கூடத்துக்குள் பேசிக்கொள்ள முடியாது. நாற்பது தறி ஓடுகிற இடத்தில், பக்கத்தில் நின்று கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். மெயின் போர்டு வாசல் பக்கத்து அறையில் இருக்கும், பழுதான மோட்டார் எங்கோ கடைசி வரிசையில் இருக்கும். ஒருவர் போர்டில் நிற்க வேண்டும், இன்னொருவர் மோட்டார் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குத் தங்கசாமி ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நீளமான வயரின் ஒரு முனையில் கையில் பிடிக்கிற பட்டன், மறுமுனையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மோட்டார் பக்கம் இருப்பவன் தட்டினால் போர்டு பக்கம் எரியும். ஒரு தட்டு என்றால் 'அணை'. இரண்டு தட்டு என்றால் 'போடு'. மூன்று தட்டு என்றால் 'போடாதே, இரு'.

வேலைக்கு வந்த புதிதிலேயே சதாம் சொன்னான், மூன்றுக்குள்ளே இரண்டும் இருக்கிறதே, வேறு மாதிரி வைத்துக்கொள்வோம் என்று. இத்தனை வருஷம் ஓடிவிட்டது, எனக்கு எண்ணத் தெரியாதா என்று தங்கசாமி சிரித்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. பண்டிகைச் சேலை ஆர்டர் மலைபோல் கிடந்தது. தறி முதலாளி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். தங்கசாமி போர்டில் நின்றார், சதாம் கடைசி வரிசையில் இருந்தான். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்து அணைந்தது. தங்கசாமியின் கை ஹேண்டிலை மேலே தூக்கிவிட்டது. தூக்கிய கை இறங்குவதற்கு முன் விளக்கு மூன்றாவது முறையாக எரிந்தது. எரிந்தது அணையாமல் அப்படியே நின்றது. அது ஏன் அணையவில்லை, பட்டனை அமுக்கிய கை ஏன் விடவில்லை என்று அவருக்குப் புரிவதற்கும், ஹேண்டிலைக் கீழே இழுப்பதற்கும் எத்தனை நொடி ஆனதென்று தெரியாது. அவ்வளவு நொடி போதுமானதாக இருந்தது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், விளக்கு எத்தனை தடவை எரிந்தது என்று கேட்க வாயைத் திறந்தார். கேள்வி முடிவதற்குள் தங்கசாமியின் வாய் 'ரெண்டு' என்று சொல்லிவிட்டது. அது பொய் சொல்லத் திட்டம்போட்டுச் சொன்னதுகூட இல்லை, எப்போதும்போல வாய் முந்திக்கொண்டது. ஆனால் திருத்துவதற்கு அன்று சாயங்காலம் வரை நேரம் இருந்தது. மறுநாள் இருந்தது. மையவாடியில் சதாமை அடக்கி, மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதும் இருந்தது. அவர் திருத்தவில்லை. அந்த 'ரெண்டு' ஊர் முழுக்கச் சுற்றிவந்தது. படித்த பையன், கவனமில்லாமல் இரண்டு தட்டிவிட்டான், பாவம் நம்ம அவசரம், அவருக்கு என்ன தெரியும் என்று ஊர் பேசியது. வாழ்நாளில் முதன்முறையாக ஊர் தங்கசாமியை நிதானமான ஆள் என்று நம்பியது.

அதைவிடக் கொடுமை மம்மது. கடைக்குச் சாவி போட வருகிறவர்கள் துக்கம் கேட்டால், "ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவனைப் படிக்க வச்சேன் பாரும்" என்பார். மகன் பேரை மட்டும் சொல்லமாட்டார். இதைத் தங்கசாமி ஒருநாள் எதிர்க்கடையில் நின்று தன் காதாலேயே கேட்டார். வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார். அன்றோடு தறிக்கூட வேலையை விட்டார். கடையில் உட்கார்ந்து காயில் கட்டுவதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான் சதாமின் மனைவி ஆமினாள் ஒருநாள் காலையில் கடைக்கு வந்தாள். ஒரு கையில் பழைய லேப்டாப், பள்ளிக்கூடத்தில் சதாமுக்கு இனாமாகக் கிடைத்தது. இன்னொரு கையில் பிளைவுட் பெட்டி. பெட்டியின் மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நான்கு விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பட்டன், பழைய தறி ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றிய கனமான பட்டன். அது ஒரு விளையாட்டுப் பெட்டி என்று அவள் விளக்கினாள். பெட்டி முதலில் ஒரு விளக்கைக் காட்டும், பார்த்து அதே பட்டனை அமுக்க வேண்டும். சரி என்றால் இரண்டு விளக்கு காட்டும், பிறகு மூன்று. வரிசை நீண்டுகொண்டே போகும். தப்பாக அமுக்கினால் கத்தும். அடுத்த தபசுக்குக் கடைகளுக்கு நடுவில் வைத்து நாலு பேரை விளையாடவிட வேண்டும் என்று சதாம் செய்துகொண்டிருந்தானாம். பாதியில் நின்றுபோய்விட்டது.

"அவுக போனபிறகு வீட்டுல எல்லாம் ஓய்ஞ்சுபோச்சு. இது என்ன சத்தம் போடும்னு ஒருதடவ கேக்கணும் அண்ணாச்சி. உங்களத் தவிர யார்ட்ட குடுக்க?" என்றாள்.

முடியாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? வாங்கி வைத்துக்கொண்டார்.

வயர் வேலையில் அவருக்குச் சிக்கல் இல்லை. பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்டு இருந்தது, அதிலிருந்து விளக்குக்கும் பட்டனுக்கும் வயர் ஓடியது. விட்டுப்போன வயர்களை ஒரு மணி நேரத்தில் பற்றவைத்துவிட்டார். ஆனால் எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று அந்தப் போர்டுக்குச் சொல்லித்தருவது லேப்டாப்பில் எழுதுகிற வரிகள். இங்கிலீஷும் கணக்கும் கலந்த பாஷை. சதாம் பாதி எழுதி வைத்திருந்தான். மீதியைத் தங்கசாமி போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். எந்த வீடியோவையும் முழுசாகப் பார்த்தறியாத மனுஷன் ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்க வேண்டிவந்தது. ஒரு வரி முடிவில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் போர்டு மொத்தத்தையும் வேண்டாமென்று தள்ளியது. கோமதித்தாயிடம்கூடக் காட்டாத கோபத்தை அதனிடம் காட்டினார். அது அசையவில்லை. விட்டுப்போன புள்ளியைத் தேடிப் போட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு விளக்குக்கும் என்ன சத்தம் என்பதைச் சதாமே எண்ணாகக் குறித்து வைத்திருந்தான். அதை அவர் மாற்றவில்லை.

ஒரு புதன்கிழமை பகலில் பெட்டிக்கு முதன்முதலாக உயிர் வந்தது. சிவப்பு எரிந்தது, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு தாழ்ந்த சத்தம். அவர் சிவப்பை அமுக்கினார். அடுத்து இரண்டு விளக்கு. சிவப்பு, சிவப்பு. அமுக்கினார். அடுத்து மூன்று. சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

தங்கசாமி பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மெதுவாக மறுபடி போட்டார். மறுபடியும் அதே மூன்று சிவப்பு. நான்கு நிறம் இருக்கிறது, எந்த நிறம் வேண்டுமானாலும் தானாக மாறி மாறி வர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஐந்து தடவை போட்டுப் பார்த்தார். ஐந்து தடவையும் அதேதான். பட்டப்பகல், வெளியே ஆட்டோ போகிறது, வெள்ளரிக்காய் விற்கிறவன் கூவுகிறான், அவர் பிளக்கை மறுபடி பிடுங்கிப் போட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாள் கடையைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று கோமதித்தாயிடம் சொன்னார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

காரணம் ஒரு வீடியோவில் கிடைத்தது. இந்த மாதிரிப் போர்டுக்குச் சொந்தமாக மனம் கிடையாதாம். எங்கிருந்து தொடங்குவது என்று நாம் சொல்லாவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வரிசையைத்தான் எடுக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பாம். ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். வீடியோக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். தங்கசாமிக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் முழுக்க ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு, நான்கு நிறத்தில் ஏன் மூன்றும் சிவப்பாக வர வேண்டும் என்று யோசித்தார், ஆறுதல் போய்விட்டது.

அந்த ஒரு வரியைச் சேர்க்கத்தான் மறுபடி லேப்டாப்பைத் திறந்தார். எங்கே சேர்ப்பது என்று சதாம் எழுதியதை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தார். இந்தப் பாஷையில் ஒரு வசதி உண்டு. வரியின் முன்னால் இரண்டு சாய்ந்த கோடு போட்டுவிட்டால், அந்த வரியைப் போர்டு வாசிக்காது, மனுஷர்கள் வாசிக்க மட்டும்தான். மறந்துவிடாமல் இருக்கத் தனக்குத்தானே எழுதிவைக்கிற குறிப்பு. சதாம் அப்படி அங்கங்கே இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தான். மூன்று வாரமாக அவர் அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் வந்திருக்கிறார், வேலைக்கு ஆகாதது என்று. அன்றைக்குத்தான் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'விளக்கு காட்டி முடியுறவரைக்கும் பட்டன் அமுக்குறதக் கணக்குல எடுக்கக் கூடாது. நம்ம அண்ணாச்சி மாதிரி ஆளு ரெண்டுலயே அமுக்கிருவாக. பாவம், அவுக தோத்துரக் கூடாது. இங்கன ஒரு வரி போடணும்.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த வரியை எழுதாமலேயே சதாம் போய்விட்டான். குறிப்பின் ஓரத்தில் சதாம் தேதி போட்டிருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பதினொரு நாள் முன்பு.

தங்கசாமி அன்று அழுதார். மகன் மாதிரி என்று ஊருக்குச் சொன்னவர் அவர், அவசரக்காரன் தோற்றுவிடக் கூடாது என்று யோசித்தவன் அவன். இறந்தவன் பேரில் பழியைப் போட்டுவிட்டு, அவன் செய்த பெட்டியைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேல் அருவருப்பாக வந்தது.

அந்த வரியை எழுதுவது இப்போது அவருக்குப் பெரிய வேலை இல்லை. எழுதினால், விளக்குகள் காட்டி முடியும்வரை பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பெட்டி கண்டுகொள்ளாது; எழுதாவிட்டால், முந்தி அமுக்கியதைத் தப்பு என்று எடுத்துக் கத்தும். அவர் எழுதவில்லை. எப்போதும் மூன்று சிவப்பாக வருவதையும் சரிசெய்யவில்லை. அப்படியே விட்டுவிட்டு விளையாடிப் பார்த்தார். முதல் சிவப்பு சரி. இரண்டு சிவப்பு சரி. மூன்று காட்ட வேண்டிய இடத்தில், இரண்டாவது அணைந்ததுமே அவர் விரல் இறங்கியது. பெட்டி கத்தியது. மூன்று வரும் என்று தெரியும், ஊரில் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. சுவிட்சில் மூன்று எண்ணப் பழகிய அதே விரல், சிவப்பு கண்ணில் பட்டதும் முந்திக்கொண்டது. இருபது தடவை ஆடினார், இருபது தடவையும் தோற்றார். அப்புறம்தான் ஆமினாளுக்குப் போன் பண்ணினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பெட்டியைக் கொண்டுபோனார். ஆமினாள் தையல் மிஷினை ஒதுக்கி, அதன் பலகையிலேயே பெட்டியை வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்கு உட்காருகிறவள்போல உட்கார்ந்தாள். சிவப்புச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறியது. அந்தச் சத்தத்தைச் சதாம் வாயால் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தானாம், அது எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் ஆடினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் பச்சைக்குப் பதில் நீலத்தை அமுக்கித் தோற்றாள். பிறகு பெட்டியை அவர் பக்கம் திருப்பி, "நீங்க ஆடுங்க அண்ணாச்சி" என்றாள்.

தங்கசாமி ஆடினார். ஒன்று சரி. இரண்டு சரி. அடுத்ததில் இரண்டாவது சிவப்பு அணைந்ததும் விரல் இறங்கியது, பெட்டி கத்தியது. ஆமினாள் லேசாகச் சிரித்தாள். மறுபடி ஆடினார், மறுபடியும் அதே இடம். மூன்றாம் தடவையும் அதே இடம். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கும் இப்படித்தாம்மா" என்றார் தங்கசாமி. "அவன் மூணு தட்டுனான். நான் ரெண்டுல போட்டுட்டேன்."

தையல் மிஷின் பக்கத்தில் வெட்டிப்போட்ட துணித்துண்டுகள் கிடந்தன. ஆமினாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தாள். தங்கசாமி லேப்டாப்பைத் திறந்து அந்தக் குறிப்பைக் காட்டினார். அவள் அதை முணுமுணுப்பாக வாசித்தாள். 'பாவம்' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் எழுந்து போகவில்லை.

"உங்கள மன்னிக்கணும்னு எனக்குத் தோணல அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "அது அல்லாட்ட கேட்டுக்கோங்க. ஆனா மாமா ரெண்டு வருசமா அவுக பேரச் சொல்லல. அங்க வந்து சொல்லுங்க."

இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பெட்டியை ஆமினாள் எடுத்துக்கொண்டாள். மம்மதுவின் கடை இரண்டு தெரு தள்ளி. பார்த்தவர்கள் என்ன விஷயம் என்று கேட்கவும் செய்தார்கள், அவள் நிற்காமல் முன்னால் நடந்தாள். பின்னால் தங்கசாமி போனார். திரும்பி ஓடிவிடலாம் என்றுகூட ஒருமுறை நினைத்தார். அந்த நினைப்பும் அவசரம்தான் என்று அவருக்கே பட்டது.

கடைக்குள், தொங்குகிற சாவிக் கொத்துகளுக்கு அந்தப் பக்கம், மம்மது பாய் விரித்துச் சாயங்காலத் தொழுகையான அசரைத் தொழுதுகொண்டிருந்தார். ஆமினாள் வாசலில் ஒதுங்கி நின்றாள். தங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மம்மது குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார், உட்கார்ந்தார். வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி ஸலாம் சொன்னார். பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வந்தார்.

"என்ன தங்கசாமி, இந்தப் பக்கமே வராதவரு வந்திருக்கீரு" என்று தொடங்கினார். தங்கசாமியின் வாய் துடித்தது. அதை மூடிக்கொண்டார். மம்மதுவுக்கு மூச்சு வாங்கியது. கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு, மருமகளையும் அவள் கையிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அவளையும் கூட்டிட்டு வந்திருக்கீரு, கையில என்னமோ வச்சிருக்கா... என்ன விசயம்வே?"

கேள்வி முழுசாக முடிந்துவிட்டதா என்று தங்கசாமி இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மூணு, பாய். உங்க மகன் சதாம் மூணுதான் தட்டுனான்."